சுடுவதா, வேண்டாமா? நொடிகளில் முடிவெடுக்கப் பழக்கும் துப்பாக்கிப் பயிற்சிகள்

இலக்கைத் தவறாமல் தாக்குவது மட்டுமே துப்பாக்கி சுடும் பயிற்சியின் நோக்கம் அன்று. எதை முதலில் சுடுவது, எப்போது சுடாதிருப்பது என்பதைச் சில நொடிகளில் தீர்மானிக்கும் திறனை வளர்ப்பதும் அதன் முக்கிய அங்கமாகும். இதற்கென வகுக்கப்பட்டுள்ள சில பயிற்சி முறைகள் பின்வருமாறு:

நான்கு விநாடிகளில் 5 இலக்குகள்

ஒலிம்பிக்கில் ஆடவருக்கான 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் பிரிவில், வரிசையாக அமைந்த 5 இலக்குகளையும் தலா ஒரு முறை சுட வேண்டும். இதற்கான நேரம் 8, 6, 4 விநாடிகள் எனச் சுற்றுக்குச் சுற்று குறையும். தாழ்த்திய கையுடன் காத்திருக்கும் வீரர், பச்சை விளக்கு எரிந்த பிறகே துப்பாக்கியை உயர்த்தலாம். 2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இப்பிரிவில் இந்திய ராணுவ வீரர் விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

எல் பிரெசிடென்ட்டே

அமெரிக்க மரைன் படையின் முன்னாள் அதிகாரி ஜெஃப் கூப்பரால் பிரபலமடைந்த பயிற்சி இது. மூன்று இலக்குகளுக்கு முதுகு காட்டி நிற்பவர், ஒலிக்குறிப்பு கேட்டதும் திரும்பி, ஒவ்வொன்றையும் இருமுறை சுட வேண்டும். பின்னர் மேகசினை மாற்றி, மீண்டும் இருமுறை வீதம் சுட வேண்டும். மொத்தம் 12 தோட்டாக்கள். பதற்றம் மேலிடும்போது, பெரும்பாலும் மேகசினை மாற்றும் தருணத்தில்தான் கை தடுமாறும்.

சுடாதிருக்கும் முடிவு

ஆயுதம் ஏந்தியவர், கைப்பேசி வைத்திருப்பவர் எனக் கலந்து தோன்றும் உருவங்களில் அச்சுறுத்தலை மட்டும் இனங்காண்பதே காவல் துறையினருக்கான பயிற்சிகளில் கடினமானது. தெரிவுகள் பெருகும்போது மூளை எதிர்வினையாற்றும் நேரமும் கூடுகிறது என்பதை பிரிட்டன் உளவியலாளர் வில்லியம் எட்மண்ட் ஹிக் 1952-இல் விளக்கினார். தொடர் பயிற்சி இந்தத் தாமதத்தைக் குறைக்க உதவுகிறது.

அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, வர்ஜீனியா மாகாணத்தின் குவாண்டிகோவில் 'ஹோகன்ஸ் ஆலி' என்ற மாதிரி நகரத்தை 1987-இல் அமைத்தது. குற்றவாளிகளாகவும் பொதுமக்களாகவும் நடிகர்கள் வலம் வரும் அங்கு, பயிற்சி முகவர்கள் சோதிக்கப்படுகின்றனர்.

1976-இல் தொடங்கப்பட்ட சர்வதேச நடைமுறைத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் போட்டிகளில், சுடக் கூடாத இலக்கைச் சுட்டால் 10 புள்ளிகள் கழிக்கப்படும். போட்டிக் களத்தில் புள்ளிகளோடு முடியும் இப்பிழை, வீதியில் அப்பாவி ஒருவரின் உயிரைப் பறித்துவிடக் கூடும். வேகத்துக்கு இணையாக நிதானமும் கற்பிக்கப்படுவது இதனாலேயே.