செல்போன் கதிர்வீச்சு: உங்கள் போனின் அளவு என்ன?

உங்கள் போனில் *#07# என்று அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் 'சார்' அளவு திரையில் வரும். போனிலிருந்து கிளம்பும் ரேடியோ அலைகளின் ஆற்றலில் எவ்வளவு நம் உடலுக்குள் போகிறது என்பதைக் காட்டும் எண் இது. இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் இதன் உச்ச வரம்பு கிலோவுக்கு 1.6 வாட். 1 கிராம் திசுவின் சராசரியாக இதைக் கணக்கிடுகிறார்கள். போன் தன் முழு சக்தியில் இயங்கும்போது அளக்கப்படும் எண் என்பதால், 0.9 உள்ள போன் 1.2 உள்ளதை விட அன்றாடப் பயன்பாட்டில் நல்லது என்று சொல்லிவிட முடியாது.

கதிர்வீச்சு என்றதும் எக்ஸ்ரே நினைவுக்கு வந்து பலர் பயப்படுகிறார்கள். போன் அலைகளுக்கு மரபணுவை உடைக்கும் வலிமை கிடையாது. திசுவை லேசாகச் சூடாக்குவதே இதுவரை உறுதியாகத் தெரிந்த விளைவு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2011ல் இவற்றை 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை' என்ற 2பி பட்டியலில் சேர்த்தது. வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் இதோடு நின்றுவிடுகின்றன. அதே பட்டியலில் சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும் இருக்கிறது! அந்நிறுவனத்துக்காகப் பல ஆய்வுகளைத் திரட்டி அலசி 2024ல் வெளியான அறிக்கை, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

ஆனாலும் தேவையில்லாமல் அலைகளை வாங்கிக்கொள்வானேன்? சிக்னல் பலவீனமாக இருக்கும்போதுதான் போன் டவரை எட்டுவதற்குக் கூடுதல் சக்தியைச் செலவிடுகிறது. ஆகவே லிப்டிலும் அடித்தளத்திலும் நீண்ட நேரம் பேசுவதைத் தள்ளிப்போடுங்கள். தலையிலிருந்து சற்று தூரம் தள்ளினாலே உள்வாங்கும் அளவு வெகுவாகக் குறையும். ஸ்பீக்கரோ இயர்போனோ போதும். டவர் அருகில் இருந்தால் போன் குறைந்த சக்தியிலேயே இயங்கும் என்பது டவர் வேண்டாம் என்று மனு கொடுப்பவர்கள் யோசிக்காத விஷயம். டவர்களுக்கும் இந்தியா 2012ல் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கையே அனுமதித்தது.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் சட்டைப் பையில் போனை வைக்கக் கூடாது. கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். சார்ஜ் ஏறும் போனைத் தலையணைக்கு அடியில் வைப்பதும் ஆபத்து. அங்கே பிரச்சினை கதிர்வீச்சு அல்ல, பேட்டரியின் சூடு.

கதிர்வீச்சைத் தடுக்கும் என்று விற்கப்படும் ஸ்டிக்கர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். அவை ஆன்டெனாவை மறைத்தால் போன் இன்னும் அதிக சக்தியோடுதான் டவரைத் தேடும்.