சிற்றுருவைப் பார்த்துக் கப்பலைத் தீட்டிய காலம்

கொல்கத்தாவில் எங்கள் ஆய்வாளர் விடுதியில் அடுத்த அறை நண்பர் இயற்பியல் மாணவர். இரவுகளில் பிளாஸ்டிக் போர்வீரர் சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டுவது அவருடைய பொழுதுபோக்கு. 1/35 அளவு, ஓர் உருவத்தின் உயரம் ஏறத்தாழ 5 செ.மீ. சென்ற வாரம் அவர் தீட்டிக்கொண்டிருந்தது இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மானிய வீரன் ஒருவனை. 1931இல் கூடாரத் துணிக்கென உருவாக்கப்பட்ட ‘ஸ்பிளிட்டர்’ உருமறைப்பு வடிவத்தை அவனுடைய மேலங்கியில் கொண்டுவர வேண்டும். வெளிறிய நிலத்தில் பழுப்பும் பச்சையுமான கூர்கோணத் துண்டுகள். அவற்றின்மேல் மழைத்தாரை போன்ற நுண்கோடுகள். அந்தக் கோடுகளைப் போடும்போது அவர் மூச்சையே அடக்கிக்கொள்கிறார்.

தூரிகையைக் கழுவியபடியே அவர் கேட்டார்: “அருங்காட்சியகத்து அங்கியின் படத்தைப் பார்த்து அப்படியே படியெடுக்கிறேன். பெரியது மூலம், சிறியது நகல். இதில் உங்களைப் போன்ற வரலாற்று மாணவருக்கு என்ன இருக்கிறது?”

அவருக்கு அன்றிரவு சொன்ன விடையை இங்கே விரித்து எழுதுகிறேன். இந்த வரிசை தலைகீழாக நின்ற காலம் ஒன்றுண்டு. அப்போது சிற்றுருவே மூலம். பல ஆயிரம் டன் எடையுள்ள கப்பல் அதன் நகல்.

1917 பிப்ரவரியில் ஜெர்மனி வரம்பற்ற நீர்மூழ்கிப் போரை அறிவித்தது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் மட்டும் 8 இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. உணவுக்கும் மூலப்பொருளுக்கும் கடலையே நம்பியிருந்த பிரித்தானியாவுக்கு இது உயிர்ப்பிரச்சினை. கப்பலைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பது எப்படி என்று பலர் முயன்று தோற்றிருந்தனர். வானத்தின் ஒளி மணிக்கு மணி மாறுகிறது. புகைபோக்கியின் புகையோ எந்த வண்ணத்துக்கும் அடங்காது.

கடற்காட்சி ஓவியரும் கடற்படைத் தொண்டர் பிரிவு அலுவலருமான நார்மன் வில்கின்சன் கேள்வியையே மாற்றினார். கப்பல் தெரிந்துவிட்டுப் போகட்டும். அது போகும் திசை புரியாமல் இருந்தால் போதும் என்றார்.

இதன் பின்னாலிருப்பது எளிய கணக்கு. 10 நாட் வேகத்தில் செல்லும் கப்பல் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 300 மீட்டர் நகர்கிறது. ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்து விடப்படும் டார்பிடோ அதை அடைய ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். எனவே நீர்மூழ்கியின் தலைவர் கப்பல் இப்போது இருக்கும் இடத்தை நோக்கிச் சுட முடியாது. அது வந்துசேரப்போகும் இடத்தை முன்கூட்டியே கணிக்க வேண்டும். அதற்குத் தொலைவு, வேகம், திசை மூன்றும் தேவை. பெரிஸ்கோப்பை நெடுநேரம் நீருக்குமேல் நீட்டி வைத்திருக்கவும் இயலாது. அந்தச் சில நொடிப் பார்வையைக் குழப்புவதே வில்கின்சனின் திட்டம். கறுப்பு, வெள்ளை, நீலம், பச்சை நிறங்களில் பெரும்பட்டைகள் கப்பலின் முகப்பையும் பின்புறத்தையும் உடைத்துக் காட்டும். தலைவர் திசையைத் தவறாகக் கணித்துத் தாக்குதலுக்கு ஒவ்வாத இடத்தில் போய் நிற்பார். ‘டாசில்’ என்று பெயர் பெற்ற இந்தப் பூச்சைத் தமிழில் கண்மயக்குப் பூச்சு எனலாம்.

இப்பூச்சு பிறந்த இடம் கப்பல்துறை அன்று. இலண்டன் பர்லிங்டன் மாளிகையில் ராயல் அகாதெமி ஒதுக்கித் தந்த ஓவிய அறைகளிலேயே அது உருவாயிற்று. அங்கே ஒவ்வொரு வகைக் கப்பலுக்கும் சிறிய மரமாதிரி செய்யப்பட்டது. கலைப்பள்ளிகளில் பயின்ற பெண்கள் அம்மாதிரிகளில் வடிவங்களைத் தீட்டினர். தீட்டிய மாதிரியைச் சுழல்மேடையில் வைத்து, பின்னணியில் வானத்தை எழுதிய திரையை நிறுத்தி, அறையின் மறுகோடியில் பொருத்திய பெரிஸ்கோப் வழியே பார்த்தனர். திசை எளிதில் பிடிபட்டால் வடிவத்தை மாற்றித் தீட்டி மீண்டும் சுழற்றினர்.

பார்வையாளரைக் குழப்பிய மாதிரி தேறியது. அதன் இருபக்க வடிவமும் ஓர் அடிக்கு 1/16 அங்குலம் என்னும் அளவில், அதாவது 1/192 அளவில், தாளில் வரையப்பட்டுத் துறைமுகங்களுக்குச் சென்றது. அங்கே அதற்கென அமர்த்தப்பட்ட ஓவியர்கள் கப்பலின் இரும்புப் பக்கங்களில் கோடுகளைக் குறித்துத் தர, தொழிலாளர் வண்ணம் அடித்தனர். அவ்வாறு மேற்பார்வையிட்டவருள் ஒருவர் நவீன ஓவியர் எட்வர்ட் வாட்ஸ்வொர்த். லிவர்பூல் உலர்துறையில் நிற்கும் கண்மயக்குக் கப்பல்களை அவர் 1919இல் தீட்டிய பேரோவியம் இன்று கனடா தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. போர் முடிவதற்குள் 2,000க்கும் மேற்பட்ட பிரித்தானிய வணிகக் கப்பல்கள் இப்பூச்சைப் பெற்றன. அத்தனைக்கும் மூலம், மேசைமேல் சுழன்ற ஒரு மரத்துண்டு.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, இந்தக் கண்டுபிடிப்பு யாருடையது என்பது. கிளாஸ்கோ விலங்கியலாளர் ஜான் கிரஹாம் கெர், விலங்குகளின் உடற்கோடுகளை எடுத்துக்காட்டி, கப்பலின் உருவத்தை வண்ணத்தால் சிதைக்கலாம் என்று 1914இலேயே சர்ச்சிலுக்கு எழுதியிருந்தார். போருக்குப் பின் உரிமை வழக்கில் வென்று 2,000 பவுண்டு பரிசு பெற்றவர் வில்கின்சன். இருவரின் பெயரும் வரலாற்றில் நிலைத்துவிட்டது. மாதிரிகளைத் தீட்டிய பெண்களோ பெரும்பாலான நூல்களில் ஒற்றை வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகின்றனர். தூரிகை பிடித்தது அவர்கள் கை.

இரண்டாவது, இப்பூச்சு பயன் தந்ததா என்பது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அந்த அறைக்கு வந்து ஒரு மாதிரியின் திசையைத் தவறாகச் சொன்னார் என்று வில்கின்சன் எழுதியுள்ளார். மன்னர் முன்னாள் கடற்படையாளர் ஆகையால் இந்த நிகழ்வு திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஆனால் சொல்பவர் தம் கண்டுபிடிப்புக்குத் தாமே சாட்சி கூறுகிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. 1918இல் இதை ஆராய்ந்த கடற்படைக் குழு, பூச்சினால் இழப்பு குறைந்ததற்குத் தெளிவான சான்று காணவில்லை; மாலுமிகளின் மனத்துணிவைக் கருதித் தொடரலாம் என்றே பரிந்துரைத்தது. அதே காலத்தில் கப்பல்களைப் போர்க்கப்பல் காவலோடு கூட்டமாக அனுப்பும் கான்வாய் முறையும் வந்துவிட்டதால், எது எவ்வளவு காத்தது என்று பிரித்தறிவது கடினம்.

1919இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர் லியோ பிளாட்ஜெட், தீட்டிய கப்பல் மாதிரிகளைப் பெரிஸ்கோப் வழியே காட்டித் திசைப்பிழையை எண்களாக அளந்தார். பிழை பெரிதாக இருந்தது. பூச்சு வென்றது எனக் கொள்ளப்பட்டது. ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அத்தரவை மறுஆய்வு செய்து 2025இல் வெளியிட்டனர். பூச்சில்லாக் கப்பலோடு முறையாக ஒப்பிடாததே பழைய சோதனையின் குறை. தொலைவில் செல்லும் கப்பலை, அது எப்படித் தீட்டப்பட்டிருந்தாலும், தொடுவானக் கோட்டை ஒட்டியே செல்வதாக நம் கண் எடுத்துக்கொள்கிறது. பிழையின் பெரும்பங்கு இவ்வியல்பால் விளைந்தது. பூச்சின் பங்கு சிறிது. மேசைமேல் சுழன்ற சிற்றுரு, தன்னைத் தீட்டியவர்களையும் ஓரளவு மயக்கியிருக்கிறது.

இதுவரை சொன்னது ஓவியம், கணிதம், உளவியல். அந்த மரமாதிரிகளில் மனிதர் இல்லை. உண்மைக் கப்பல்களில் இருந்தனர். 1914இல் பிரித்தானிய வணிகக் கப்பல்களில் ஏறத்தாழ 50,000 இந்திய மாலுமிகள் பணியாற்றினர். மாலுமிகளில் ஏறக்குறைய ஆறில் ஒருவர். லஸ்கர் எனப்பட்ட இவர்களில் பெருந்தொகையினர் கப்பலின் அடித்தளத்தில் நிலக்கரி அள்ளியவர்கள். வெள்ளை மாலுமிகளைவிடக் குறைந்த கூலிக்குத் தனி ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டவர்கள். டார்பிடோ இயந்திர அறையைத் துளைத்தால் தப்ப வழியற்றவர்களும் அவர்களே. முதல் உலகப்போரில் 3,000க்கும் மேற்பட்ட லஸ்கர்கள் இறந்தனர். குழு மனத்துணிவைப் பற்றிப் பேசியபோது, அடித்தளத்தில் கரி அள்ளியவரின் மனத்தையும் கணக்கில் கொண்டதா?

இங்கே கொல்கத்தாவில், ஹேஸ்டிங்ஸ் பகுதியில் கங்கைக்கரையை ஒட்டி லஸ்கர் நினைவுத்தூண் நிற்கிறது. 1924இல் திறக்கப்பட்டது. நாற்பக்கமும் கப்பல் முகப்பு நீட்டிய அத்தூண், வங்காளம், அசாம் முதலிய பகுதிகளைச் சேர்ந்த 896 மாலுமிகளை நினைவுகூர்கிறது. இலண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் கண்மயக்கு மாதிரிகளைப் பேணிவருகிறது. ஒரே போர் விட்டுச்சென்ற இவ்விரு எச்சங்களையும் சேர்த்துப் படித்தால்தான் கதை முழுமை பெறும்.

ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்கு ஒரு சொல். சிற்றுருவம் ஒன்றைச் சான்றாகக் கையில் எடுத்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எதைப் பார்த்து இது செய்யப்பட்டது, அல்லது எது இதைப் பார்த்துச் செய்யப்பட்டது? இதைத் தீட்டிய கை யாருடையது? இதற்குள் இடம்பெறாத மனிதர் யார்? மூன்றாவது கேள்விக்கு விடை பெரும்பாலும் அந்தப் பொருளுக்கு வெளியே, வேறு ஊரில் கிடைக்கும்.

நண்பர் முழுவதையும் கேட்டுவிட்டு, தம் மேசையிலிருந்த வீரனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் ஞாயிறு. ஹேஸ்டிங்ஸுக்கு இருவரும் நடந்தே போனோம்.