முதுகில் ஒரு கை

திருச்சி மலைக்கோட்டை தாயுமானவர் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ரத்னாவதிக்குப் பேறுகாலம். துணைக்குக் கிளம்பி வந்த அம்மா காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டார். சிவனே அம்மா வேஷத்தில் வந்து பிரசவம் பார்த்துவிட்டுப் போனார். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வந்து கதவைத் தட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்ததாம்.

சின்ன வயதில் இதைக் கடவுள் மகிமையாகத்தான் கேட்டேன். ஊரை விட்டு வந்த பிறகு வேறு மாதிரி படுகிறது. அம்மா வந்து சேர முடியாத ஊரில் பிள்ளை பெறும் பெண்ணின் கதை அது. நம்மில் பல பேர் வீட்டுக் கதை.

போன வாரம் அலுவலகத்தில் ஒரு தம்பி கவலையோடு உட்கார்ந்திருந்தார். மனைவிக்கு அடுத்த மாதம் தேதி. மாமியார் சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும், கிட்டத்தட்ட மூன்று நாள் பயணம். "அதுக்குள்ள வலி வந்துட்டா நான் என்ன சார் பண்றது?" என்றார். பி.காம். படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? :-) ஆனாலும் பதில் இந்தத் தீவின் பழைய ஏடுகளிலேயே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஆங்கிலேயர்கள் 1858-ல் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கைதிகள் குடியேற்றத்தைத் தொடங்கினார்கள். அங்கே அதிகாரியாக இருந்தவர் எட்வர்ட் ஹொரேஸ் மேன். மருத்துவர் அல்ல, நம்மைப் போல ஆபீஸ் உத்தியோகம். 1870களின் பிற்பகுதியில் அந்தமான் பழங்குடியினரைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அவர்கள் மொழியைக் கற்றார், பழக்கவழக்கங்களை எழுதி வைத்தார். 1880களில் அது லண்டனில் வெளியானது.

அதில் பிரசவம் பற்றி ஒரு சிறு பகுதி வருகிறது. வலி எடுத்த பெண்ணைப் படுக்க வைப்பதில்லை, உட்கார வைக்கிறார்கள். ஒரு காலை நீட்டி, மற்றதை மடக்கி, முழங்காலைக் கையால் கட்டிக்கொள்கிறாள். தோழிகள் இலைகளால் ஆன மறைப்பைப் பிடித்துக்கொண்டு உதவுகிறார்கள். புருஷன்? வெளியே நடை போடவில்லை. அவள் பின்னால் உட்கார்ந்து முதுகைத் தாங்குகிறான், அவள் கேட்கிறபடி அழுத்திவிடுகிறான்.

'அவள் கேட்கிறபடி.' இந்த ஒரு குறிப்பில்தான் நான் நின்றுவிட்டேன்.

1906 முதல் 1908 வரை இங்கே ஆய்வு செய்த ராட்கிளிஃப்-பிரவுனும் உட்கார்ந்த நிலைப் பிரசவத்தையே எழுதுகிறார். அவர் புத்தகம் 1922-ல் வந்தது. அதில் முதுகு சாய ஒரு மரத்துண்டு, சுற்றிலும் மூத்த பெண்கள். நம் ஊர் மருத்துவச்சிகளும் பெண்ணை நடக்கவிட்டு, குந்த வைத்து, எண்ணெய் தொட்டு இடுப்பை நீவியவர்கள்தானே.

இதே காலத்தில் மேற்குலகம் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. 1847-ல் எடின்பரோவில் சிம்ப்சன் பிரசவ வலிக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தார். 1853-ல் விக்டோரியா மகாராணியே அதை ஏற்றுக்கொண்டார். வலி குறைந்தது, அது பெரிய விஷயம், குறை சொல்ல மாட்டேன். பின்னாளில் பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனது. எத்தனையோ தாய்களின் உயிர் பிழைத்தது. ஆனால் கூடவே பெண் மல்லாக்கப் படுக்க வைக்கப்பட்டாள், உறவுகள் கதவுக்கு வெளியே நின்றார்கள்.

அந்தக் கதவை எனக்குத் தெரியும். மூத்தவள் பிறந்தபோது வடக்கே ஒரு ஊரில் இருந்தோம். மாமியார் வந்த ரயில் பதினோரு மணி நேரம் தாமதம். என்னை உள்ளே விடவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து பழைய பேப்பரை நாலு முறை படித்தேன். பிறகொரு நாள் மனைவி சொன்னாள், "வலி கூட பரவால்லங்க. யாராச்சும் முதுகை ஒரு அழுத்து அழுத்த மாட்டாங்களான்னுதான் இருந்துச்சு."

மருத்துவமும் மெல்லத் திரும்பி வந்தது. 1933-ல் இங்கிலாந்து மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட், பயம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது என்றார். 1951-ல் பிரெஞ்சு மருத்துவர் லமாஸ் சோவியத் நாட்டில் பார்த்ததை வைத்து பாரிஸில் மூச்சுப் பயிற்சி முறையைத் தொடங்கினார். 1965-ல் மெல்சாக், வால் இருவரும் அழுத்தினால் வலி ஏன் குறைகிறது என்பதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். எங்கள் பாஷையில் சொன்னால், தண்டுவடத்தில் ஒரு கவுண்டர் இருக்கிறது. தொடுகை, அழுத்தம் ஆகிய சேதிகள் அங்கே வந்து நின்றால், வலியின் சேதி எல்லாம் மூளைக்குப் போய்ச் சேருவதில்லை.

2017-ல் 26 ஆய்வுகளை, பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். விடாமல் கூடவே ஒரு துணை இருந்த பெண்களுக்கு வலி மருந்தின் தேவையும் சிசேரியனும் குறைவாக இருந்தன. 2018-ல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையில், பெண் விரும்பும் துணை, நடமாட்டம், மூச்சுப் பயிற்சி, இசை, மசாஜ், வெந்நீர் ஒத்தடம் எல்லாவற்றையும் சேர்த்தது. கேட்கிறவர்களுக்கு எபிடியூரல் ஊசியும் உண்டு. எதுவானாலும் அவள் கேட்கிறபடி. மேன் எழுதி நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது!

நம் நாட்டில் தமிழ்நாடு 2004-லேயே அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணையை அனுமதிக்கத் தொடங்கியது. 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகமும் அனுமதித்தது. பிள்ளை பெற்ற அனுபவமுள்ள பெண் துணை இருக்கலாம். மறைப்பு வசதி உள்ள இடங்களில் கணவனும் இருக்கலாம்.

பழங்குடி வாழ்க்கையை நான் கனவாக்கவில்லை. மேன் வேலை பார்த்த காலத்திலேயே, 1877-ல், வெளியிலிருந்து வந்த தட்டம்மை அந்த மக்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது. இன்று கிரேட் அந்தமானியர் மிகச் சிலரே. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிதான் போக வேண்டும், சந்தேகமே இல்லை. முதுகில் வைக்கிற கை ரத்தப்போக்கை நிறுத்தாது. ஆனால் ரத்தப்போக்கை நிறுத்தத் தெரிந்தவர்களும் அந்தக் கையை உள்ளே விடலாம் அல்லவா?

தம்பியிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, துணைக்கு யாரை விடுவார்கள் என்று ஆஸ்பத்திரியில் இப்போதே கேட்டு வையுங்கள். பெண்கள் மட்டும் என்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசி வையுங்கள். இரண்டு, முதுகில் எங்கே, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று உங்கள் மனைவியிடமே கேளுங்கள். "போதும்" என்றால் கையை எடுத்துவிடுங்கள்.

கப்பல் நேரத்துக்கு வரட்டும். வராவிட்டால், ஈசன் அன்று செய்த வேலையை இந்த முறை தம்பி செய்யட்டும்.