தகரப்பெட்டிக்குள் அத்தை

அப்பாவின் தகரப்பெட்டியைப் பிரித்தபோதுதான் வீட்டு வரலாறு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது. கிரயப் பத்திரம், பட்டா, கிஸ்தி ரசீது எல்லாம் மேலே, மஞ்சள் பையில். படங்கள் அடியில், ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டி. பெண்கள் எழுதிய கடிதம் ஒன்றுகூட இல்லை. கம்பியில் குத்தி வைத்திருந்தவற்றை எடைக்குப் போட்டுவிட்டார்களாம்.

மஞ்சள் பையில் ஒரே ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. சின்ன அத்தை 1991இல் அப்பாவுக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம். (விடுதலை யாருக்கு என்று கேட்கக் கூடாது.) தமிழ்நாட்டின் சட்டத்திருத்தம் 1989 மார்ச் 25 முதல் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளையும் மகனைப் போலவே பங்காளி ஆக்கியது. அதற்கு முன்பே மணமானவர்களை விலக்கியது. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்ட பிறகே அந்த விலக்கு போனது. அத்தைக்குக் கல்யாணம் 1990இல். உரிமை வந்தது, சீர் செய்தாயிற்றே என்று அதை எழுதி வாங்கியும் ஆயிற்று.

துருவேறிய குண்டூசிகளை எடுத்தேன். ஒட்டிய படங்களைப் பிய்க்கவில்லை. அத்தையை வரவழைத்து, மற்ற படங்களின் பின்புறம் பெயர்களைப் பென்சிலால் எழுதினோம். பேனா மை ஊறி முகத்தில் தெரியும். ஆண்களுக்கு முழுப்பெயர் உடனே வந்தது. பெண்கள் பலர் 'மேலவீட்டுக்காரி', 'பெரியவர் சம்சாரம்'. ஒரு பாட்டியின் பெயருக்காக மூன்று ஊருக்குப் போன் போட்டார் அத்தை.

பத்திரத்தையும் காட்டினேன்.

"அன்னிக்கு இதப் படிச்சுக் காட்டவே இல்லடி" என்றார். முழுவதும் படித்தார். நகல் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய கல்யாணப் படமும் அந்தப் பத்திரமும் இப்போது ஒரே உறையில் இருக்கின்றன.