நிபந்தனைகளுக்கு உட்பட்டது

அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் ‘ப்ளூ ஸ்கை’ என்றொரு கடன் அட்டையை விற்றது. அட்டை வாங்கினால் போனஸ் புள்ளிகளோடு 300 டாலரும் சேர்த்துக் கிடைக்கும் என்று வாடிக்கையாளர்கள் நம்ப வைக்கப்பட்டார்கள். வாங்கினார்கள். கேட்ட தகுதிகளையும் பூர்த்தி செய்தார்கள். 300 டாலர் மட்டும் வரவில்லை.

300 டாலருக்காக யார் கோர்ட்டுக்குப் போவார்கள்? வக்கீல் ஒரு மணி நேரம் பேசினாலே அந்தப் பணம் தீர்ந்துவிடும். இந்த மாதிரி வழக்குகளின் மொத்த வரலாறும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது கடன் அட்டையைவிட வயதான வரலாறு.

1891இன் இறுதியில் லண்டனில் இன்ஃப்ளூயன்சா பயம். கார்பாலிக் ஸ்மோக் பால் கம்பெனி ஒரு ரப்பர் உருண்டையை விற்றுக்கொண்டிருந்தது. உள்ளே கார்பாலிக் அமிலப் பொடி. குழாயை மூக்கில் வைத்து அமுக்கினால் நெடி ஏறும். தினம் மூன்று முறை வீதம் இரண்டு வாரம் பயன்படுத்தியும் காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு பரிசு என்று விளம்பரம். ‘சும்மா சொல்லவில்லை’ என்று காட்ட, வங்கியில் 1,000 பவுண்டு போட்டு வைத்திருப்பதாகவும் அதிலேயே அச்சிட்டிருந்தார்கள்.

கார்லில் என்ற பெண்மணி வாங்கினார். சொன்னபடி மாதக்கணக்கில் பயன்படுத்தினார். 1892 ஜனவரி 17 அன்று அவருக்குக் காய்ச்சல் வந்தது. பரிசைக் கேட்டு எழுதினால் பதில் இல்லை. மறுபடி மறுபடி எழுதிய பிறகு கம்பெனி ஒரு பதில் போட்டது: மோசடியாகப் பணம் கேட்பவர்களிடமிருந்து எங்களைக் காத்துக்கொள்ள வேண்டுமே, ஆகவே தினமும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து எங்கள் ஆள் முன்னிலையில்தான் உருண்டையைப் பயன்படுத்த வேண்டும்!

விளம்பரத்தில் இல்லாத நிபந்தனை, காய்ச்சல் வந்த பிறகு முளைக்கிறது. எனக்கு இந்த வழக்கில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பரிசுக்கு உரியவர் யார் என்பதைப் பரிசு தர வேண்டியவரே பின்னால் முடிவு செய்யப் பார்க்கிறார்.

அந்த வருட டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அதெல்லாம் விளம்பர மிகைப்பேச்சு, உலகத்துக்கே ஒப்பந்தம் போட முடியுமா என்றெல்லாம் கம்பெனி வாதாடியது. உலகத்தை நோக்கிச் சொன்ன வாக்குறுதியை, சொன்னபடி செய்து முடித்தவர் ஏற்றுக்கொண்டவர் ஆகிறார் என்றது நீதிமன்றம். வாக்குறுதி பெரிதாக இருக்கிறது என்பது அதிலிருந்து தப்பிக்கக் காரணம் ஆகாது.

தோற்ற கம்பெனி அடுத்து என்ன செய்தது என்பது இன்னும் சுவாரசியம். 1893இல் புது விளம்பரம் வந்தது. பரிசு இப்போது 200 பவுண்டு! ஆனால் கூடவே ஒரு வரி: நிபந்தனைகளை எங்களிடம் கேட்டு வாங்கி, அதன் பிரதியில் கையெழுத்துப் போட்டு, சிகிச்சை தொடங்கும் முன்பே எங்களிடம் ஒப்படைக்க வேண்டும். தொகை இரட்டிப்பானது, வாசல் குறுகியது. இன்று நம் விளம்பரங்களின் அடியில் எறும்பு ஊர்வதுபோல ஓடும் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்ற வரிக்கு இதுவே மூத்த அக்கா.

அடுத்த நூற்றாண்டு அந்த வாசலில் பூட்டும் போட்டது. 2002இல் கலிபோர்னியாவில் ஒரு தம்பதிக்குச் செல்பேசி ‘இலவசம்’ என்றார்கள். விற்பனை வரி என்று 30.22 டாலர் வசூலித்தார்கள். அந்தத் தொகைக்குத் தனியாக வழக்குப் போடுவது பைத்தியக்காரத்தனம். பாதிக்கப்பட்ட எல்லோர் சார்பிலும் ஒரே வழக்கு போட்டால்தான் அர்த்தம். ஆனால் ஒப்பந்தத்தின் ஒரு மூலையில், தகராறு என்றால் தனி நடுவரிடம்தான் போக வேண்டும், அதுவும் ஒவ்வொருவராகத்தான் என்று இருந்தது. 2011 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1925ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டத்தைக் காட்டி, 5-4 என்ற கணக்கில் அது செல்லும் என்றது. பல பெரிய கடன் அட்டை நிறுவனங்களின் ஒப்பந்தத்திலும் அதே மூலை இருக்கிறது.

பூட்டுக்குள் இன்னொரு தாழ்ப்பாள்: ‘எங்கள் சொந்த முடிவின்படி’ என்ற சொற்றொடர். மின்னசோட்டாவில் ஒரு யூத மதகுரு, நார்த்வெஸ்ட் விமான நிறுவனத்தின் பரிசுத் திட்டத்தில் மேல்தட்டு உறுப்பினர். அடிக்கடி புகார் செய்கிறார் என்று 2008இல் அவரை நீக்கிவிட்டார்கள். திட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துவோரைத் தன் சொந்த முடிவின்படி நீக்கலாம் என்பது நிறுவனத்தின் விதி. அந்த முடிவையாவது நல்லெண்ணத்தோடு எடுக்க வேண்டாமா என்று அவர் கேட்டார். அந்தக் கடமை மாநிலச் சட்டம் சுமத்துவது, விமானத் துறைக்கான 1978ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் அதைத் தடுக்கிறது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அந்தச் சட்டம் விமானங்களுக்கு மட்டும்தான். ஆனால் சொற்றொடர் எங்கும் பறக்கும். வரவேற்பு போனஸைக் குறுக்கு வழியில் பெற முயல்கிறீர்கள் என்று தாங்களே தீர்மானித்தால் கொடுக்க மாட்டோம் என்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் விதிகளும் சொல்கின்றன.

குறுக்கு வழிக்காரர்கள் இல்லாமல் இல்லை. போனஸுக்காகவே அட்டை வாங்கி, வந்ததும் மூடுபவர்கள் உண்டு. நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. கார்லிலுக்குப் பதில் எழுதிய கம்பெனியும் இதைத்தான் சொன்னது. சிக்கல், வாதியின் எதிராளியே நீதிபதியாகவும் இருப்பதில். தட்டிக் கேட்க ஆள் இல்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன்.

ப்ளூ ஸ்கை விவகாரத்தில் தட்டிக் கேட்க ஓர் ஆள் வந்தது. அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு மூன்று மாதம் கழித்து, 2011 ஜூலையில், நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் செயல்படத் தொடங்கியது. 2012 அக்டோபரில், வராத 300 டாலர் உட்படப் பல தவறுகளுக்காக, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் சுமார் 2,50,000 பேருக்கு 8.5 கோடி டாலர் திருப்பித் தர நேர்ந்தது. 2023 ஜூலையில் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் முறை. பல்லாயிரம் பேருக்குச் சொன்ன போனஸைத் தரவில்லை என்று ஆணையம் கண்டது. அவர்களில் கிளைக்கு நேரில் போயோ தொலைபேசியிலோ விண்ணப்பித்தவர்கள் இருந்தார்கள். வங்கியின் கணினி அமைப்புகள் சொதப்பியதால் இழந்தவர்களும் இருந்தார்கள்.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் அந்தக் கடைசி வரியில் நின்றுவிட்டேன். தகுதி என்பது எங்கள் வேலையில் ஆம் அல்லது இல்லை என்று நிரப்பப்படும் ஒரு கட்டம். விளம்பரத்தை எழுதியவர் ஒருவர், விதியை எழுதியவர் இன்னொருவர், கோட் எழுதியவர் மூன்றாமவர். மூன்றும் ஒத்துப்போகாத இடத்தில் கட்டம் ‘இல்லை’ என்று நின்றுவிடும். யாரும் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பணம் யார் கையில் தங்குகிறது என்பதில் மட்டும் மாற்றமே இல்லை.

2025 தொடக்கத்தில் அந்த ஆணையத்தின் ஊழியர்களிடம் வேலையை நிறுத்தச் சொல்லி மேலிட உத்தரவு வந்தது. வழக்குகள் அதைச் சுற்றி நடக்கின்றன. கார்லில் வென்றதற்குக் காரணம் அவர் பெரிய ஆள் என்பதல்ல. அவர் போய் நிற்க ஓர் இடம் இருந்தது, அங்கே விளம்பரத்தை அதில் எழுதியிருந்தபடியே வாசிக்க மூன்று நீதிபதிகள் இருந்தார்கள்.