மண்ணெண்ணெய்: பெயரில் இருக்கும் பிறப்பிடம்

எள்ளின் நெய்யே எண்ணெய். எள்ளின் நினைவு மெல்ல மறைய, வேப்பெண்ணெய், தேங்காயெண்ணெய் என அச்சொல் எல்லா வித்துகளுக்கும் பொதுவாயிற்று. மேற்கிலும் இதே கதைதான். ஒலிவத்திலிருந்து பிறந்த ‘ஓலியம்’ என்ற சொல், பாறையைக் குறிக்கும் ‘பெட்ரா’வோடு கூடிப் பெட்ரோலியம் ஆனது. விளக்கெரிக்கக் கப்பலில் வந்த புதிய எண்ணெய்க்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்கின. சீமையெண்ணெய் வந்த திசையைச் சொன்னது. கிருஷ்ணாயில், ‘கெரசின் ஆயில்’ என்ற ஒலியை நம் நாவுக்கு வளைத்தது. மண்ணெண்ணெய் மட்டுமே பிறப்பிடத்தைச் சொன்னது. பெட்ரோலியம் என்பதைவிட அதுவே உண்மைக்கு நெருக்கமான பெயர்.

சான்று ஜவ்வாது மலையில் இருக்கிறது. அங்குள்ள சார்னோக்கைட்டு, நைசு ஆகிய பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில், பெருவெப்பத்தில் உருமாறி இறுகியவை. அவற்றிலும் வெடிப்புகள் உண்டு. மழைநீர் அவற்றின் வழியே இறங்கித்தான் கிணறுகளில் ஊறுகிறது. வழி இருந்தும் எண்ணெய் இல்லை, ஏனெனில் அதை ஈனும் பொருள் அந்தப் பாறையில் இல்லை. காவிரிப் படுகையின் வரலாறு வேறு. கோண்டுவானா என்ற பழம்பெருங்கண்டம் பிளந்தபோது அங்கே நிலம் பிளவுப்பெயர்ச்சிகளை ஒட்டி இறங்கிப் பள்ளங்களாயிற்று. அவற்றில் உயிர்ச்சத்தோடு படிந்த சேறு ஆழப் புதைந்து களிப்பாறையாகி, சுமார் 60 முதல் 120 பாகை செல்சியசு வெப்பத்தில் எண்ணெயை ஈன்றது. செக்கில் உலக்கை அழுத்துவதுபோல் மேற்படிவுகளின் எடை அழுத்த, எண்ணெய் வெளியேறியது. நீரைவிட இலேசானதால் மணற்பாறை அடுக்குகளின் சரிவிலும் பிளவுகளிலும் மேலேறி, புக முடியாத களிப்பாறை மறித்த இடத்தில் தங்கியது. பிளவு எப்போதும் வழியாக இருப்பதில்லை. களி அப்பிக்கொண்ட பிளவு அணையாகவும் நிற்கும்.

இதே காவிரிப் படுகையின் மாதானத்தில் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் படிவுகளுக்கு அடியிலுள்ள கடினப் பாறையின் வெடிப்புகளிலேயே எண்ணெய் கண்டதே, அப்படியானால் பாறை என்ற பெயர்தானே பொருந்தும் என்று கேட்கலாம். அந்த எண்ணெய் அங்கே பிறந்ததன்று. அருகிலுள்ள பள்ளங்களின் களிப்பாறையில் பிறந்து, அடுக்குகளையும் பிளவுகளையும் கடந்து அங்கே குடியேறியது. பாறை அதன் தங்குமிடம், மண் அதன் தாய்வீடு. பெயர் வைத்தவர்களுக்கு நிலவியல் தெரியாதே என்பதும் நியாயமான மறுப்புதான். பெயரை அவர்களின் அறிவியல் கண்டுபிடிப்பாக நான் கொள்ளவில்லை; நிலத்திலிருந்து எடுப்பது என்ற அளவிலேயே அவர்கள் அதைச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் நிலத்தடியில் எண்ணெய் ஏரியாகத் தேங்கிக் கிடக்கிறது என்ற தவறான எண்ணத்தைக் களைய, சேற்றில் தொடங்கும் இந்தப் பெயரே தக்க துணை. பள்ளிப் பாடம் அதிலிருந்தே தொடங்கட்டும்.