குறியீடு

'குறி' என்னும் பெயரோடு, 'இடு' என்னும் வினையடி முதல் நீண்டு 'ஈடு' எனத் தொழிற்பெயராகிச் சேர்ந்தமையால் 'குறியீடு' பிறந்தது. 'கெடு' என்பது 'கேடு' ஆவது போன்ற இம்மாற்றத்தை இலக்கணம் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்னும். மாட்டுக்குக் குறிசுடும் ஈழத்து வழக்கிலும் 'குறி' என்பது உடைமையைப் பிரித்தறியும் அடையாளமே. புள்ளியியலில் 'குறியீடு', ஒரு பதிவை வேறெதனோடும் மயங்காமல் சுட்டும் எண்ணையோ எழுத்தையோ உணர்த்தும்.

யாழ்ப்பாண மாவட்டத்து நெடுந்தீவின் ஆறு கிராம அலுவலர் பிரிவுகள் ஜே/1 முதல் ஜே/6 வரை வழங்குவதில், மாவட்டத்துக்குரிய எழுத்தும் பிரிவின் எண்ணும் ஆகிய இரு மாறிகள், அதாவது பதிவுக்குப் பதிவு மதிப்பு வேறுபடும் கூறுகள், இணைந்தே தனித்தன்மை தருகின்றன. பிரிவெண்ணோடு வீட்டெண்ணையும் சேர்த்துக் குடும்பக் குறியீடு அமைக்கும்போது இடைக்கோடின்றி ஒட்டினால், 1ஆம் பிரிவின் 11ஆம் வீடும் 11ஆம் பிரிவின் 1ஆம் வீடும் 111 என ஒன்றாகிவிடும் என்பதால், முன்னே சுழிகளை நிரப்பி 001011, 011001 என எழுதுவதே தக்கது. ஸ்டேட்டா மென்பொருளின் 'குரூப்' என்னும் சார்பு, மாறிகளின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் 1, 2, 3 என எண் தருமாயினும், நயினாதீவு, ஊர்காவற்றுறைப் பதிவுகள் பின்னர் சேர்க்கப்பட்டு மீண்டும் இயக்கப்படின் அவ்வெண்கள் மாறக்கூடுமாதலின், அதனைக் குறியீடு என்பதினும் வரிசையெண் என்பதே பொருந்தும்.